இசை விருப்பமும் ஆளுமையும்: முத்துக்குளித்துறை காட்டும் சான்றுகள்

ஒருவன் விரும்பும் பாட்டு எது என அறிந்தால் அவன் எத்தகையவன் என்பதும் விளங்கிவிடும் என்பது இன்று பலரும் உடன்படும் கருத்தாகும். மணவீட்டில் ஒலிக்கும் பாட்டைக் கொண்டே அவ்வீட்டார் இன்ன குலத்தார், இன்ன சமயத்தார், இன்ன கல்வியுடையார் என்று வழிச்செல்வோரும் கணித்துவிடுகின்றனர். இக்கணிப்பு எத்துணை உண்மையுடையது? பாட்டின்மேற் செல்லும் விருப்பம் மனிதனது உள்ளியல்பிலிருந்து எழுவதா? பிறந்த குடியும் தழுவிய சமயமும் தருவதா? அன்றி வேறொரு தோற்றுவாய் அதற்கு உண்டா? இவ்வினாக்களைத் தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரையை வைத்து ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமாகும்.

இக்கரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வடக்கே வேம்பாறு முதல் தெற்கே மணப்பாடு வரை நீண்டு கிடக்கும் இச்சிறு நிலப்பகுதியில் கத்தோலிக்கப் பரதவர் வாழும் துறைகளும், இசுலாமியப் புலவர் பலரைத் தந்த காயல்பட்டினமும், முருகன் உறையும் திருச்செந்தூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கரையை விட்டுச் சற்று உள்ளே சென்றால் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றிய சாயர்புரம். வடமேற்கே சென்றால் கருநாடக இசையின் பெருங்களஞ்சியம் ஒன்று அச்சேறிய எட்டயபுரம். சமயத்தால் வேறுபட்ட செவிகள் இத்துணை நெருக்கத்தில் வளர்ந்த இடங்கள் தமிழகத்திற் சிலவே.

முதற்கண் இக்கால உளநூலார் கூறுவதனை நோக்குதல் தகும். அமெரிக்க அறிஞராகிய ரெண்ட்பிரோ, காசுலிங் என்னும் இருவர் 3,500 பேருக்கு மேற்பட்டோரின் இசை விருப்பத்தை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் இசை விருப்பங்களை நால்வகையாகப் பகுத்தனர். ஆழ்ந்து எண்ணத் தூண்டும் நுட்பமான இசையை விரும்புவோர் புதியன நாடும் மனமுடையராய் இருத்தல் போன்ற சில தொடர்புகளையும் கண்டனர். தொடர்பு உண்டு, ஆயின் மெல்லியது. 2006-ஆம் ஆண்டில் அவர்களே வெளியிட்ட பிறிதோர் ஆராய்ச்சி எமக்கு அதனினும் சுவையுடையதாகத் தோன்றுகின்றது. முன்பின் அறியாத மாணாக்கர் இருவர் இருவராகப் பழகத் தொடங்கியபொழுது பிறவற்றைக் காட்டிலும் இசையைப் பற்றியே மிகுதியும் பேசினர். ஒருவர் விரும்பும் பத்துப் பாட்டுகளை மட்டும் கேட்டு (சங்கப் பத்துப்பாட்டு அன்று) அவர்தம் இயல்பைப் பிறர் ஓரளவு சரியாகவே கணித்தனர். பிரெஞ்சு நாட்டுப் பூர்தியே 1979-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் வேறொரு வழியிற் சென்று, இசைச் சுவை என்பது மனிதனது வகுப்பையும் கல்வியையும் அறிவிக்கும் அடையாளம் என நிறுவினார். ஒருவர் உள்ளத்தைக் காண்கின்றார். ஒருவர் வகுப்பைக் காண்கின்றார். இருதிறத்தார்க்கும் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு. அங்காடியிற் பொருள் தேர்வான் போலக் கேட்போன் தனக்கு வேண்டிய இசையைத் தேர்கின்றான் என்பதே அது. தேர்வு இல்லாத இடத்தில் இவ்வளவைகள் எவ்வாறு செல்லும்?

தமிழ் மரபு இவ்வினாவிற்கு வேறொரு தொடக்கத்தைத் தருகின்றது. தொல்காப்பியனார் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். நெய்தற்குரிய யாழ் விளரி எனவும், பண் செவ்வழி எனவும் நூலோர் வகுத்துரைப்பர். இதன் கருத்து யாது? இசை ஒருவனது உடைமை அன்று; புன்னையும் சுறாவும் போல நிலத்தின் உடைமை. நெய்தலிற் பிறந்தான் விளரியைத் தேர்வதில்லை. விளரி அவனைச் சூழ்ந்து கிடக்கின்றது. இரங்கல் அந்நிலத்தின் உரிப்பொருள் ஆதலின் இரங்கற்கு இயைந்த ஓசையே அந்நிலத்து ஓசையாயிற்று. கடலுட் சென்றவன் மீளும் வரை கரையில் நிற்போர்க்கு வேறெந்த ஓசை இயையும்?

நிலத்தோடு பொழுதும் இசையை ஆண்டது. காலைக்கு மருதம், மாலைக்குச் செவ்வழி என்பது பாணர் மரபு. புறநானூற்றின் 149-ஆம் பாட்டில் வன்பரணர் நள்ளியின் கொடையைப் புகழும் திறம் ஈண்டு நினையத்தக்கது. அவன் அளித்த வளத்தால் பாணர் மயங்கி, மாலையில் மருதத்தையும் காலையிற் செவ்வழியையும் பண்ணினர் என்கிறார் புலவர். பாணர் தம் விருப்பத்தால் மாற்றினர் என்று அவர் கூறவில்லை. மறந்தனர் என்றே கூறினார். தன் விருப்பத்திற்கேற்ப இசையை மாற்றிக்கொள்ளுதல் என்பது அக்காலத்தார்க்கு எளிதில் தோன்றாத எண்ணம் போலும்.

அவ்வெண்ணம் தமிழிலக்கியத்தில் முதன்முதலாகப் பெருந்துன்பத்தோடு நுழையும் இடம் கானல்வரி. நிகழிடம் புகார்க் கடற்கரையே அன்றிப் பாண்டியர் கொற்கைக் கரை அன்று. எனினும் நிலம் ஒன்றே, நெய்தல். நுளையர்க்குரிய விளரியை அப்பகுதியே பெயர் சுட்டிக் குறிக்கின்றது. மாதவி யாழைப் பண்ணுறுத்திக் கோவலன் கையில் தருகின்றாள். அவன் ஆற்று வரியும் கானல் வரியும் பாடுகின்றான். அப்பாடல்கள் எவரும் பாடும் மரபினவே; அகத்திணைத் தலைவன் கூற்றாக அமைந்தனவே. ஆயினும் மாதவி அவற்றுள் பிறள்மேல் வைத்த மனத்தைக் கேட்கின்றாள். ஊடல் கொண்டு தானும் வேறு குறிப்பினள் போலப் பாடுகின்றாள். அவன் அதனுள் பிறன்மேல் வைத்த மனத்தைக் கேட்டு எழுந்து போகின்றான். நிலத்தின் பொதுப்பாட்டை ஒரு தனிமனிதனது உள்ளத்தின் சாசனமாகப் படித்த படிப்பு அது. இளங்கோவடிகள் பழியை இருவர்மேலும் வையாது, யாழிசையை வாயிலாகக் கொண்டு வந்த ஊழ்வினைமேல் வைத்தார். ஆராய்ச்சியாளர் ஊழைக் காரணமாகக் காட்ட இயலாது. பொதுமையைத் தனிமையாகக் கொண்ட பிழையே காரணம் என யாம் கருதுகின்றேம். பத்துப் பாட்டைக் கேட்டு ஆளைக் கணித்த மாணாக்கர் ஓரளவே வென்றனர் என்றேம். வெல்லாத எஞ்சிய அளவில் எத்தனை கோவலரும் மாதவியரும் உளரோ!

இனி வரலாற்றுக் காலத்திற்கு வருவாம். முத்துச்சலாப உரிமை பற்றிய பூசலின் விளைவாகப் பரதவர் 1535-ஆம் ஆண்டினை அடுத்துப் போர்த்துகீசியர் துணையை நாடிக் கிறித்தவம் தழுவினர். சவேரியார் 1542-ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்து, மணியொலித்துச் சிறாரை அழைத்து, மன்றாட்டுகளைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். பின்வந்த அண்டிரிக் அடிகளார் தமிழ் எழுத்தில் நூல்களை அச்சிட்டார். ஒரு குடி முழுவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சமயம் மாறிய நிகழ்ச்சி இது. சமயமே இசைச் சுவைக்கு வேராயின் அக்குடியின் செவியும் உடன் மாறியிருத்தல் வேண்டும்.

மாறியதா? கரைவலை இழுப்போரும் துடுப்புப் பிடிப்போரும் பாடும் அம்பாப் பாட்டினைக் கேட்டால் விடை கிடைக்கும். முன்னிற்பான் ஒருவன் ஓரடி எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ திருப்பிக் கொடுப்பர். வலை தொலைவில் உள்ளபோது நடை தாழ்ந்து செல்லும். மடி கரையை அணுக அணுக நடை முடுகும். இதனை வகுத்தது எந்தச் சமயமும் அன்று. நீரின் எடையும் கயிற்றின் நீளமுமே. பழந்தெய்வங்களின் பெயர் நின்ற இடத்தில் மாதாவின் பெயரும் அந்தோனியார் பெயரும் வந்து அமர்ந்தன. அவ்வடியை அடுத்தே மாமன் மகளைக் கேலி செய்யும் அடி வரும்; அதனை அடுத்துச் சம்மாட்டியின் கஞ்சத்தனம் வரும். பெயர்கள் மாறின, இழுப்பு மாறவில்லை. முத்துக்குளிப்பில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். நீருள் மூழ்குவோனுக்குப் பாட்டு இல்லை. மூச்சே அவனுக்கு முதல். அவனது இடுக்கயிற்றைப் பிடித்து மேலே நிற்போனுக்கும் பாட இடமில்லை. கயிற்றின் அசைவே அவன் கேட்க வேண்டிய ஓசை. பாட்டெல்லாம் விடியுமுன் படகு செலுத்துவோர்க்கும் மாலையில் மீள்வோர்க்குமே உரியது. ஒரே மனிதன் ஒரே நாளில் பாடுவோனாகவும் வாய் மூடியவனாகவும் இருத்தலைத் தொழிலே ஆள்கின்றது. அவனைப் பாட்டில் விருப்புடையன் என்பதா, இலன் என்பதா?

தூத்துக்குடிப் பனிமய மாதா கோயில் திருவிழாவையும் இவ்விடத்துச் சுட்டுதல் வேண்டும். 1806-ஆம் ஆண்டில் முதன்முதல் ஓடிய அதன் பொற்றேர் தமிழ்க் கோயில்களின் தேர் மரபை நினைவூட்டுவது. தேர்வடம் பிடிக்கும் கைகளோ வலைக்கயிறு பிடித்துப் பழகிய கைகள்.

காயல்பட்டினம் தரும் சான்று இதனினும் நுண்ணியது. ஏனெனில் அங்கே தொழிலுக்கு இடமில்லை, புலமைக்கே இடம். அருணகிரிநாதர் திருச்செந்தூரில் நின்று பாடிய திருப்புகழ்ச் சந்தங்கள் தமிழ்ச் செவிக்குப் புதியதோர் இன்பத்தைத் தந்தன. வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் மாறி மாறி அடிக்கும் அவ்வோசை, பொருள் விளங்குமுன்னரே உடலை அசைக்கும். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அவ்வோசையிற் சிக்கியவர். அவர் சந்தத்தை விடவில்லை. பாட்டுடைத் தலைவரை மாற்றினார். நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் என்னும் பெயராலேயே நூல் செய்தார். முருகனைப் பாடிய தாளத்தில் நபியைப் பாடுதல் அவர்தம் சமயப் பற்றிற்கு இழுக்கு என்று அவர் கருதினாரல்லர்; அவர் நூலை இசுலாமியர் இன்றளவும் போற்றுகின்றனர். திருச்செந்தூர்க்கும் காயல்பட்டினத்திற்கும் இடைப்பட்ட தொலைவு இரண்டு காத அளவினும் குறைவே. ஆலய மணியும் பள்ளிவாசல் அழைப்பும் ஒரே கடற்காற்றில் வரும் ஊரில் செவி யாருக்குச் சொந்தம்? சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவரே என்பதனையும் சேர்த்து எண்ணுக.

சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்த எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827–1900) பிறப்பால் வைணவர்; 1858-ஆம் ஆண்டில் கிறித்தவரானார். சமயம் மாறிய மனிதன் தன் பழைய ஆளுமையை எந்த அளவு விட்டுவிடுகின்றான் என்பதனை ஆராய விரும்புவோர் அவர்தம் இரட்சணிய யாத்திரிகத்தைப் படித்தல் வேண்டும். மூலம் ஆங்கிலேயராகிய பனியன் எழுதிய உரைநடைக் கதை. கிருட்டிணப் பிள்ளை அதனைக் கம்பன் நடையில் விருத்தங்களால் யாத்தார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் பதிகங்களும் அமைத்தார். ஆழ்வார் பாசுரங்களிற் பழகிய செவி அன்றி வேறு செவி அதனைச் செய்திருத்தல் இயலாது. நம்பிக்கை ஒரு நாளில் மாறலாம். செவி மாறுதற்கு ஒரு தலைமுறையும் போதாது.

இவ்வாறு கூறுங்கால் ஒரு தடை எழும். சமயம் செவியை மாற்றாது என்றால், மக்கள் பாட்டைப் பற்றி அத்துணை வன்மையாகச் சண்டையிடுவது ஏன்? திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைகளில் மேனாட்டு மெட்டிலமைந்த பாமாலைப் பாட்டும் நம் இராக தாளத்திலமைந்த கீர்த்தனையும் அருகருகே வழங்குகின்றன. இவற்றுள் எது வழிபாட்டிற்குத் தக்கது என்னும் பூசல் நெடுநாளையது. தமிழிசை இயக்கமும் அத்தகையதே. 1941-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடும், 1943-ஆம் ஆண்டில் சென்னையில் எழுந்த தமிழிசைச் சங்கமும், ‘எம்மொழிப் பாட்டைக் கேட்கும் நாம் யார்?’ என்னும் வினாவையே எழுப்பின. அவ்வினா முறையானது, தமிழ்ப்பாட்டு மேடையின் கடைசியில் துக்கடாவாக நின்ற நிலை மாறியதற்கு அவ்வினாவே காரணம். ஆயின் ஒன்று கருதுக. பாமாலையைப் போற்றி வாதிடுவோர் வீட்டில் தாலாட்டுப் பாடுங்கால் எந்த மெட்டிற் பாடுகின்றனர்? மேடையில் ஒரு பாட்டை ‘நம்முடையது’ என்று அறிவித்தல் வேறு. தனிமையில் ஒரு பாட்டு வாயில் வந்து நிற்றல் வேறு. முன்னையது அடையாளம், பின்னையது சுவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே ஆராய்ச்சி வழிதவறுகின்றது.

இவ்வேறுபாட்டை எட்டயபுரம் நன்கு விளக்கும். அதன் அரசவையை அணிசெய்த பாலுசாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய வாத்தியக் குழுவின் பிடிலைப் பயின்று, அதனை நம் இசைக்கு இணக்கியவர். அவர்தம் தமையனார் முத்துசாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. மந்திர சாத்திரத்தில் ஊறிய ஒருவர் அயல்நாட்டு மெட்டை விரும்பிக் கேட்டமையால் அவரது ஆளுமை சிதைந்தது என்று எவரும் கூறார். அவர் 1835-ஆம் ஆண்டில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். நினைவிடம் அங்கு உளது. பாலுசாமியின் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்து அச்சகத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. அதனை எழுதுமாறு அவரை இடைவிடாது தூண்டியவர் அ. மா. சின்னசாமி முதலியார், அவரோ கத்தோலிக்கர். நம் கீர்த்தனைகளை மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதி வெளியிடும் முயற்சியை 1892-ஆம் ஆண்டிலேயே தொடங்கியவர். தமிழ் நிலத்துச் சமீன், வடமொழிப் பாட்டு, தெலுங்கு எழுத்து, கிறித்தவரின் தூண்டுதல், அந்தண வித்துவானின் நினைவாற்றல்! இந்நூலை எவருடைய அடையாளத்தின்கீழ் நாம் எழுதிவைப்பது?

அதே எட்டயபுரத்தில் 1882-ஆம் ஆண்டிற் பிறந்தவர் பாரதியார். அவையில் வித்துவான்களின் இசையைக் கேட்டு வளர்ந்த அவர், பொருளுணராது பாடும் வழக்கத்தைக் கடிந்து, தமிழிற் புதிய கீர்த்தனங்கள் வேண்டுமென எழுதினார். குயிற்பாட்டிலோ ஏற்றமிறைப்போரும் நெல் இடிப்போரும் சுண்ணம் இடிப்போரும் பாடும் பாட்டுகளில் நெஞ்சைப் பறிகொடுத்ததாகத் தலைமகனைப் பேசவைத்தார். வகுப்பே சுவையை ஆக்கும் எனப் பூர்தியே வகுத்த விதி இவரிடத்து நில்லாது. இங்ஙனமே, இளமையில் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கராய் இருந்த சங்கரதாசு சுவாமிகள், பின்னர் நாடக மேடைக்கு யாத்த பாட்டுகள் அவையோரும் அறிந்தன, அங்காடியோரும் அறிந்தன.

இவை அனைத்தும் ஒரு திறத்தைக் காட்டுகின்றன. சுவை என்பது ஒருவன் யாரோடு அமர்ந்து எதனைச் செய்தான் என்பதன் படிவு. உள்ளியல்பு அதனைக் கூர்மையாக்கலாம், மழுக்கலாம். குலமும் சமயமும் அதன்மேற் பெயர் எழுதலாம். படிவின் அடித்தளம் கூட்டுறவும் தொழிலுமே. இக்கருத்துச் சரியாயின் அதிலிருந்து கவலைக்குரிய ஒன்று பின்தொடர்கின்றது. தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக்குளிப்பு நிகழவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் உளர். ஆயின் அவர்கள் செல்லும் படகை இயந்திரம் செலுத்துகின்றது. விசைப்படகிற்கு அம்பா வேண்டுவதில்லை. அதன் இரைச்சலில் பாடினும் கேளாது. தொழில் நீங்கிய பின்னர் அவ்வோசையை விரும்பும் செவி எத்தனை தலைமுறை தாங்கும்? மதம் மாறிய ஞான்றும் மாறாத செவி, இயந்திரத்தின் முன் மாறிக்கொண்டிருக்கின்றது.

ஆதலின் எஞ்சியவற்றைத் தொகுக்கும் முறையில் நாம் விழிப்பாய் இருத்தல் வேண்டும். கிறித்தவப் பாடல், இசுலாமியப் பாடல், இன்ன சாதியார் பாடல் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தொகுக்கும் வழக்கம் நூலடைவிற்கு எளிது, உண்மைக்கு ஊறு. அம்முறையில் காசிம் புலவரும் அருணகிரிநாதரும் இரு வேறு தொகுதிகளில் ஒருவரை ஒருவர் காணாது கிடப்பர். அம்பாப் பாட்டில் மாதாவை விளிக்கும் அடி ஓர் ஏட்டிலும், மாமன் மகளைக் கேலி செய்யும் அடி பிறிதோர் ஏட்டிலும் போய்ச் சேரும். பாட்டை அது பாடப்பெற்ற தொழிலின்கீழும், அதன் சந்தத்தின்கீழும் வைத்துத் தொகுப்பதே தக்கது. அதற்கு முதற்கண் வேண்டுவது ஒரு சந்த அட்டவணை. திருச்செந்தூர்த் திருப்புகழை இடப்புறத்தும், அதே சந்தத்தில் அமைந்த நபிகள் நாயகத் திருப்புகழை வலப்புறத்தும் நிறுத்தி அதனைத் தொடங்கலாம். கரைவலை அம்பாவின் நடைகளை அதன்பின் நிரல்பட அமைக்கலாம்.